டில்லிபாபுவின் முதல் போஸ்டர்

பத்திரிகைக்குப் பெயர் மட்டும்தான் பாக்கி. மற்றதெல்லாம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவாகிவிட்டது. விஷயம் பாட்டும் உடையும், படிக்கப்போவது இருபது வயசுக்காரர்கள். ஆசிரியர் மாடி வீட்டு நிவேதிதா. அட்டையில் வெள்ளானூர் கானா பாடகன் டில்லிபாபு. ஆலோசகர் கோமளாவாகிய நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிட்டையரானவள், ஆவடியில் பாதிப் பேருடைய ரகசியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முன்கூட்டியே போஸ்டர் ஒட்டுவது என் யோசனை. "பெயர்தான் இல்லையே, அவன் முகமும் வெளியாகிற ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் போதும். பார்க்கிறவன் மண்டை காயட்டும்" என்றேன். கறுப்பு வெள்ளைப் படம். கண் மூடிப் பாடுகிறான். கழுத்தில் ரோஜா மாலை. இந்த வருஷ ஃபேஷனில் பையன்களுக்குப் பூதான் நகை என்றாள் நிவேதிதா. அச்சகத்து வேம்புலியே அடித்து ஒட்டியும் விடுவதாகச் சொன்னார்.

மறுநாள் மதியம் ஒன்றரைக்கு அதே மேசையில் டில்லிபாபுவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவன் சிநேகிதன் சந்தோஷ்.

"மச்சான், நீ உயிரோட கீறியா?"

"கீறேன்டா. இன்னா மேட்டரு?"

"வெள்ளானூர் ரோடு பூரா உன்க்கு கண்ணீர் அஞ்சலி ஒட்டிக்கீது. ஞாயித்துக்கெழம காரியமாம். நான் மாலை வேற வாங்கிட்டேன்."

உடனே வேம்புலிக்குப் போன் போட்டேன். "போட்டோவப் பார்த்து எனக்கே அழுகை வந்துருச்சும்மா. துக்கத்துல எழுத்து போட மறந்துட்டீங்க போலன்னு நெனச்சேன், எதுக்கு கேட்டுக்கினு, நானே போட்ரலாம்னு போட்டேன். தப்பா?"

முப்பது வருஷமாக மாலை போட்ட படத்துக்கு அவர் கை அந்த இரண்டு வார்த்தையைத்தான் சேர்த்து வருகிறது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் ஆடியிருக்கும். அப்போதுதான் டில்லிபாபுவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும்."

அவன் அம்மா முனியம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. கம்பெனிக்குள் போன் கூடாது என்பதால் அதை வீட்டிலேயே விட்டுப் போவாள். உலகத்தில் அவளுக்கு இருப்பது இவன் ஒருவன்.

ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் டில்லிபாபு, அவனுக்கும் பின்னால் நிவேதிதா. என் ஸ்கூட்டர் அன்று தரையைத் தொட்டதாக ஞாபகம் இல்லை. ஆனாலும் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் சொன்னார்: "இப்பத்தான் வேன் போச்சு."

திரும்பி வெள்ளானூருக்கு ஓட்டினேன். ஒவ்வொரு சுவரிலும் டில்லிபாபு கண்மூடி இருந்தான். என் முதுகில் சாய்ந்திருந்த அவன் நெஞ்சு அடித்த அடி எனக்கு எலும்பில் கேட்டது. "அம்மா தலைகுனிஞ்சுதான் நடக்கும், பாக்காது ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

முனியம்மா பார்த்துவிட்டிருந்தாள்.

சுவரோரம் சாப்பாட்டுப் பை கவிழ்ந்து கிடந்தது. அவள் உட்கார்ந்து, போஸ்டரில் இரண்டு கையையும் வைத்திருந்தாள். அழவில்லை. வண்டி நிற்கும் முன்பே அவன் குதித்தான்.

"யம்மா, இங்க பாரு. நான்தான். இங்க கீறேன்."

அவள் மெல்லத் திரும்பினாள். அவன் கன்னம், காது, கழுத்து எல்லாம் தடவினாள். பிறகு விட்டாள் ஒரு அறை. அம்பத்தூர் வரை கேட்டிருக்கும்.

"யாரு பண்ண வேல இது?"

"நான்தான் முனியம்மா. என் யோசனை" என்றேன். எனக்கும் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

எதிர் டீக்கடையில் வாளி வாங்கி நிவேதிதா போஸ்டர் மேல் தண்ணீர் ஊற்றினாள். நான் நகத்தால் கிழிக்கப் போனேன். முனியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது.

"கோமளாம்மா, புள்ள மூஞ்சி கிழியக் கூடாது. முழுசா எடுக்கணும்."

மொத்தம் அறுபது போஸ்டர். கத்தி முனையால் ஓரம் நெம்பி, ஊறவைத்து, மூச்சைப் பிடித்து உரித்தோம். அவள் மகனின் சட்டையை ஒரு கையில் பற்றிக்கொண்டே சுவர் சுவராக வந்தாள். ஒரு மூக்குநுனிகூடக் கிழியவில்லை. சட்டையை அவள் விடவும் இல்லை.