முன்கட்டை

அந்தத் துப்பாக்கி இரண்டு வீட்டில் குடியிருந்தது. இரட்டைக் குழல் பல் டாக்டர் வீட்டு இரும்பு அலமாரியில். தோளில் வைத்து அழுத்தும் தோள்கட்டை லிஃப்ட் மெக்கானிக் வீட்டு இரும்புப் பெட்டியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஊருக்கு வெளியே இருந்த கிளப்புக்குத் தனித்தனியாக வந்து, ஆளுக்கொரு பையைத் திறந்து, இரண்டையும் பூட்டி ஒன்றாக்கினால்தான் அது துப்பாக்கி. அதுவரை ஒருவரிடம் இருப்பது வெறும் குழாய், இன்னொருவரிடம் இருப்பது வெறும் கட்டை.

இந்த ஏற்பாடு ஒரு விவாகரத்தில் பிறந்தது. டாக்டரின் தங்கையைத்தான் மெக்கானிக் கட்டியிருந்தார். பல வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, அக்கம்பக்கத்துக்குச் சத்தமே கேட்காமல் இருவரும் பிரிந்தார்கள். சோபா, ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் வக்கீல்கள் பங்கு பிரித்தார்கள். துப்பாக்கி மட்டும் அந்தப் பங்கில் வரவில்லை. அது டாக்டரும் மெக்கானிக்கும் சேர்ந்து வாங்கியது. லைசென்ஸில் இருவர் பெயரும் இருந்தது. "நீங்க வச்சுக்கோங்க", "அட, நீங்களே வச்சுக்கோங்க" என்று மாற்றி மாற்றி மரியாதை காட்டியே பல நாட்களை ஓட்டினார்கள். கடைசியில் கழற்றி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். இப்படிப் பிரித்து வைப்பது ரொம்பப் பத்திரம் என்று லைசென்ஸ் ஆபீஸ் அதிகாரி பாராட்டினாராம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தங்கையிடமிருந்து விலகிய தங்கை புருஷனை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதனால் டாக்டர் பழையபடி 'மாப்பிள்ளை' என்றார். அவரும் பழையபடி 'மச்சான்' என்றார். தங்கைக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நானே விட்டாச்சு. நீ என்னண்ணா இன்னும் பிடிச்சுத் தொங்கிட்டிருக்க?" என்று போனில் கேட்டாள்.

"துப்பாக்கி பாதி அவர்கிட்ட இருக்கேம்மா."

"அப்ப போய் வாங்கிட்டு வா."

"வாங்கணும்," என்றார் டாக்டர். அந்தப் பேச்சு முடிந்து வருஷங்கள் ஆகின்றன. வாங்கப் போனவர்தான் இல்லை.

டாக்டரின் தொழிலை நினைத்துப் பார்த்தால் இது புரியும். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருக்கும் மனிதர்களோடுதான் அவர் பொழுது போகிறது, ஆனால் அவர்களில் ஒருவராலும் பேச முடியாது. கேள்வி கேட்டால் "ஆ" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பதில் சொல்கிற ஒரு ஆள் பக்கத்தில் நிற்பார். அதுவும் பெரிய பதில் ஒன்றும் கிடையாது. "பின்னாடி சுட்டுட்டீங்க மச்சான், தட்டு முன்னாடி போயிடுச்சு" என்பார். அது போதுமாக இருந்தது.

கிளப்பில் சுடுவது பறவையை அல்ல, தட்டை. சாஸர் அளவில் களிமண்ணில் செய்த தட்டு. நிற்கிறவர் "விடு!" என்று கத்தினால் மெஷின் அதை வானத்தில் வீசும், கீழே விழுவதற்குள் உடைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து. டாக்டர் நெட்டை, மெக்கானிக் குட்டை. அதனால் டாக்டர் முறை வரும்போது கட்டையின் நுனியில் ஒரு ரப்பர் உறையை மாட்டி நீளமாக்குவார்கள். மெக்கானிக் முறை வரும்போது கழற்றுவார்கள். மாட்டிக் கழற்றுவதற்குள் பின்னால் நிற்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். கிளப்பில் அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: 'ரெட்டைக்குழல்'.

சில மாதங்களாக ரெட்டைக்குழலுக்கு நேரம் சரியில்லை. டாக்டர் சாதாரணமாக இருபது உடைப்பவர், பதினைந்துக்கு இறங்கினார். மெக்கானிக் பத்தைத் தாண்டினாலே பெரிய விஷயமாயிற்று. துப்பாக்கியை ஆட்டிப் பார்த்தால் மூட்டில் லொடலொடவென்று சத்தம். பழைய துப்பாக்கிதான், ஆயுசு முடிந்துவிட்டது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"நீங்க புதுசா ஒண்ணு எடுத்துடுங்க மச்சான். நல்லதா, உங்க அளவுக்கு," என்றார் மெக்கானிக்.

'எடுத்துடலாம்' என்று சொல்லாமல் 'எடுத்துடுங்க' என்றதை டாக்டர் கவனித்தார். அன்றிலிருந்து அந்தப் பேச்சு வந்தாலே நழுவப் பார்த்தார். பயம்தான் அது, சுற்றி வளைப்பானேன். முழுத் துப்பாக்கி ஒன்று அவர் அலமாரிக்கு வந்துவிட்டால், அப்புறம் இந்த மனிதர் எதற்கு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்?

காகித வேலையெல்லாம் முடித்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, உள்ளே வரிசையாகத் துப்பாக்கிகள், எண்ணெய் வாசனை. கடைக்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"ரெண்டு பேரும் சுடற மாதிரி ஒண்ணு வேணும்," என்று ஆரம்பித்தார் டாக்டர்.

கடைக்காரர் நெட்டையையும் குட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "சட்டைக் கடைக்குப் போய் ரெண்டு பேர் போட்டுக்கற மாதிரி ஒரு சட்டை கேப்பீங்களா சார்?"

"நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டை இருக்குன்னு கேள்விப்பட்டேனே."

"இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் திருகணும். திருகினா கன்னம் படற இடமும் மாறும். ரெண்டு பேருக்கும் அரைகுறையாத்தான் இருக்கும்."

"அரைகுறை பரவாயில்லை," என்றார் டாக்டர் அவசரமாக.

"பரவாயில்லையாவது!" மெக்கானிக் குறுக்கே புகுந்தார். அதிர்ந்து பேசாத மனிதர் அவர். "அவர் கைக்கு அளவெடுங்க சார். அவருக்கு மட்டும்."

அளவு நாடா கழுத்திலிருந்து இறங்கியது. முழங்கை மடிப்பு, விரல் நுனி, கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே என்று கடைக்காரர் அளந்துவிட்டு, உள்ளே போய் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். டாக்டர் அதில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். கனமாக இருக்கிறது என்றார். கனமாக இருந்தால்தான் சுடும்போது தோளில் விழும் உதை குறையும் என்றார் கடைக்காரர். குழல் நீளம் என்றார். நீளக் குழல்தான் கை நடுக்கத்தைக் காட்டாது என்று பதில் வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் பக்கத்தில் செதுக்கியிருந்த வாத்தைக் காட்டினார்.

"இது எதுக்கு?"

"அழகுக்கு சார். அது பாட்டுக்கு இருக்கும், உங்களை ஒண்ணும் செய்யாது."

மெக்கானிக் சிரித்துவிட்டார். டாக்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க ஒரு மைதானம் இருந்தது. டாக்டர் துப்பாக்கியைத் தூக்கினார். கழுத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை, தோளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. கன்னம் போய் உட்கார்ந்த இடத்தில் கண் தானாகக் குழலுக்கு நேரே நின்றது. "விடு!" என்றார். தட்டு தூளாயிற்று. அடுத்ததும் தூளாயிற்று. வீசிய பத்தில் ஒன்றுகூட முழுசாகக் கீழே விழவில்லை. இத்தனை வருஷமும் ஒரு இரவல் சட்டைக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"நீங்களும் ரெண்டு சுட்டுப் பாருங்க மாப்பிள்ளை."

"எதுக்கு மச்சான்? அதான் உங்களுக்குப் பொருந்திடுச்சே."

கடைக்காரர் துப்பாக்கியை மூன்று பாகமாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்: குழல், தோள்கட்டை, அப்புறம் குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் முன்கட்டை. "இந்தச் சின்னதைத் தொலைச்சிடாதீங்க சார். இது இல்லாம திறந்தீங்கன்னா குழல் தனியா கையோட வந்துடும்," என்று எச்சரித்தார். மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கின.

வண்டி நிறுத்துமிடத்தில் மெக்கானிக் தன் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை இடது கையால் எடுத்து நீட்டினார். பழைய தோள்கட்டை.

"இதையும் வச்சுக்கோங்க. ரெண்டும் ஒரே இடத்துல இருக்கட்டும்."

"ஏன் மாப்பிள்ளை?"

"இனிமே என்னால சுட முடியாது. வலது தோள் போச்சு. ஒரு வருஷமாச்சு, மோட்டாரைத் தூக்கும்போது பிடிச்சுது. ஆஸ்பத்திரியில துப்பாக்கியே தொடக்கூடாதுன்னுட்டாங்க. ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் உயிர் போய் உயிர் வரும்."

"அப்புறம் எதுக்கய்யா சுட்டீங்க?"

"கட்டை எங்கிட்ட இருக்கு. நான் வரலேன்னா நீங்க எப்படிச் சுடுவீங்க?"

"அதை அன்னிக்கே குடுத்திருக்கலாமே!"

மெக்கானிக் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "குடுத்திருக்கலாம்," என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டருக்கு மனசு விட்டுப்போயிற்று. அடுத்தவர் வலியைப் பார்த்துப் பிழைக்கிறவர், பக்கத்திலேயே ஒரு வருஷம் நின்ற வலியைப் பார்க்கவில்லை. குறி தவறியதற்குத் துப்பாக்கியின் மூட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிட இன்னொன்று உறுத்தியது. பேச்சுத்துணை என்று இவர் நினைத்திருக்க, அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கடமைக்கு வந்து போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளப்புக்குப் போனார். இப்போது அலமாரியில் முழுத் துப்பாக்கிகள் இரண்டு. யாருடைய தயவும் வேண்டியதில்லை. ரப்பர் உறை வேலை இல்லை, யாருக்கும் கொட்டாவி வரவில்லை. இருபத்து மூன்று உடைத்தார். கிளப்பில் கை தட்டினார்கள். அவர் துப்பாக்கியைத் திறந்து, காலித் தோட்டாக்களை உதறிவிட்டு, வழக்கம்போல இடது பக்கம் நீட்டினார். வாங்கிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை.

"யாருக்கு சார்?" என்றார் தட்டு மெஷின் ஆப்பரேட்டர்.

டாக்டர் கையை மடக்கிக்கொண்டார். அந்த நிற்பில்தான் அவருக்கு அது உறைத்தது. ஒரு கட்டையைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? வழியில் கிளினிக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கொடுத்தால் விட்டது தொல்லை, தோளும் பிழைத்தது. ஒரு வருஷம் உதை வாங்கியும் அந்த மனிதர் கொடுக்கவில்லை. கடமைக்கு வந்தவர் அப்படிச் செய்யமாட்டார். அவருக்கும் இதே பயம்தான்.

கிளப்பிலிருந்து நேரே மெக்கானிக் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. டாக்டர் மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்கியது. மெக்கானிக் பனியனோடு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், இடது கையால்.

"ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றீங்க, உங்க வீட்டுக்கு ஒரு லிஃப்ட் இல்லையே மாப்பிள்ளை."

"இருந்தா ஞாயித்துக்கிழமையும் என்னைத்தான் கூப்பிடுவாங்க," என்று நாற்காலியிலிருந்த துணியை அள்ளி ஒதுக்கினார் மெக்கானிக். "உக்காருங்க. எத்தனை உடைச்சீங்க?"

"இருபத்து மூணு."

"அப்புறமென்ன?"

டாக்டர் உட்காரவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துடைப்புத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். புதுத் துப்பாக்கியின் முன்கட்டை.

"இதை எதுக்குக் கழட்டிட்டு வந்தீங்க?"

"உங்ககிட்ட இருக்கட்டும். இதுக்கு லைசென்ஸ் வேண்டாமாம், கேட்டுட்டேன். கனமும் இல்ல, ஒத்தைக் கையிலயே தூக்கலாம்."

"என்னால சுட முடியாது மச்சான். சொன்னேனே."

"சுட வேண்டாம். ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிடுங்க."

மெக்கானிக் அந்தக் கட்டையை உள்ளங்கையில் புரட்டினார். "இது உங்ககிட்டயே இருந்தா யாரும் வராமலே நீங்க சுடலாமே."

"இன்னிக்குச் சுட்டுப் பார்த்தேன்," என்றார் டாக்டர். "நல்லா இல்ல."

மெக்கானிக் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே ஸ்பாஞ்சில் பழைய தோள்கட்டை படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. முன்கட்டை அதில் பாதிக்குக்கூட வரவில்லை. நடுவில் வைத்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போடப்போய், சட்டை இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரமாவது நேரத்தோட வாங்க மச்சான்," என்றார். "எப்பவும் நான்தான் கட்டையை வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறேன்."