மூடி மாறிய குழாய்

நடந்தது செவ்வாயா புதனா என்பதில் எனக்கு உறுதியில்லை. ஆய்வகத் தலைவர் பேசிய பேச்சில் சிலதைக்கூட நான் பின்னால் சேர்த்திருக்கலாம். மூடி மாறியது மட்டும் நிஜம்.

அந்த ஆய்வகத்தில் சோதனை செய்யும் பெண்ணை 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். சொட்டுக்கூடப் பிசகாமல் அளப்பாள். ஒப்பந்த வேலை, ஆண்டுதோறும் தலைவர் கையெழுத்திட்டால்தான் அடுத்த ஆண்டுச் சோறு. தலைவரோ ஓய்வு வயது தாண்டி, இரண்டு நீட்டிப்பு வாங்கி, மூன்றாவதற்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்.

அங்கே ஆராய்ந்தது குரோமோசோம்களின் நுனியை. கயிறு பிரியாமலிருக்க நுனியில் முடிச்சுப் போடுவதுபோல, அதற்கும் ஒரு காப்பு உண்டு. செல் இரண்டிரண்டாகப் பிரியப் பிரிய அது தேயும். தேய்ந்து தீர்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். தேய்ந்ததை வளர்க்கும் நொதி ஒன்று இருக்கிறது. உடம்பின் பெரும்பாலான செல்கள் அதை அடக்கியே வைத்திருக்கும். புற்றுநோய்ச் செல்லில் அது பொங்கும். அதனால் சோதனை சரியா என்று பார்க்க, ஒரு குழாயில் எப்போதும் புற்றுச் செல் வைப்பார்கள்.

மனுவோடு தன் இளமைக்குச் சான்று வைக்க, தலைவர் தன் ரத்தத்தைக் கொடுத்தார். யானைக்கும் அடி சறுக்கும். சொட்டு பெயர்களைக் குழாயில் எழுதாமல் மூடியில் எழுதியிருந்தாள்.

"சார், மூடி மாறிடுச்சு. புற்றுச் செல்லுல ஒண்ணுமே காட்டல, உங்க குழாய்ல பொங்குது. திரும்பச் செய்யணும்."

"பொங்குதா?" தலைவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் குழாயைத் தொட்டு இருபது ஆண்டாகிறது. திறப்பு விழாவில் கத்தரிக்கோலைத் தொடுவதோடு சரி. "நான் இன்னும் படியேறித்தாம்மா வர்றேன். மெஷின் பொய் சொல்லாது."

"மெஷின் சரிதான் சார். மூடிதான்…"

"உன் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோட முடியுதுல்ல?"

சொட்டு போய் அறிக்கை எழுதினாள். முதல் பக்கத்தில் எண்கள். இரண்டாம் பக்கத்தில் மூடி. தலைவர் எதையும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர். அப்படியே அனுப்பினார்.

நீட்டிப்பு மனுக்களைப் பார்க்கும் குழுவிலிருந்த மருத்துவர் இரண்டு பக்கத்தையும் படித்தார். பதில் வியாழனன்று வந்தது: 'முதல் பக்கம் உண்மையென்றால் இவர் நோயாளி, உடனே விடுப்பில் போகட்டும். இரண்டாம் பக்கம் உண்மையென்றால் மனு பொய். எது என்று அவரே சொல்லட்டும்.'

தலைவர் அன்று படியேறவில்லை, இறங்கி ஓடிவந்தார்.

"அம்மாடி, இதை முதல் பக்கத்துல எழுதித் தொலைக்கக் கூடாதா?"

"அங்க உங்க பட்டமெல்லாம் இருந்துச்சு சார். இடமில்ல."

"சரி, இப்பவே திரும்பச் செய்யி."

"நாளையோட நான் வேலையில இல்லையே சார். சோதனைக்கு ரெண்டு நாளாகும். வெளியாள் செஞ்சா செல்லுமா?"

தலைவர் பேனாவைத் தேடினார்.

மறுசோதனையில் அவர் குழாயில் நொதி ஏறக்குறைய இல்லை. எல்லோரையும்போல் தேய்ந்துகொண்டிருந்தார். தன் சாதாரணத்தைக் கண்டு அவர் அவ்வளவு மகிழ்ந்து யாரும் பார்த்ததில்லை.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. தலைவர் ஓய்வுபெற்று நலமாக இருக்கிறார். மருத்துவர் குழுவில் தொடர்கிறார். புற்றுச் செல்கள் யாருக்கும் மனுப் போடாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. சொட்டு அங்கேயே வேலை பார்க்கிறாள். பெயரைக் குழாயில் எழுதுகிறாள்.