பொலி சொல்லிக் கட்டிய ஈக்கள்

"ஏம் புள்ள, நீ கட்டுன ஈ ஒன்னு எஞ் சோத்துல வந்து உக்காந்திருக்கு, எடுத்துட்டுப் போறியா?" என்று காளியாயி பிரியந்தியிடம் கேட்டது இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மூங்கில்காட்டுத் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவு லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நீளும் வீடுகளில், இருவருக்கும் அடுத்தடுத்த காம்பரா. பிரியந்தி போய்ப் பார்த்தபோது, பீங்கான் விளிம்பில் அந்த ஈ முன்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உடம்பு முயல் முடி. இறக்கை காளியாயியுடைய சேவலின் கழுத்து இறகு. இடுப்பில் மூன்று சுற்று மஞ்சள் நூல், வயிற்றுக்கடியில் பதினான்காம் நம்பர் தூண்டில் முள். எல்லாம் அவள் கைவேலைதான். பிடிக்கக் கையை நீட்டியதும் அது தகரக் கூரைவரை எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, கதவு வழியாக வெளியே போய்விட்டது. காளியாயி சோற்றில் முள் ஏதும் உதிர்ந்து கிடக்கிறதா என்று விரலால் துழாவிப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டாள்.

தோட்டம் இருப்பது இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே. அங்கிருந்த பழைய துரை பங்களா இப்போது சுற்றுலாக்காரர் தங்கும் விடுதி. பங்களாவுக்குக் கீழே ஓடும் ஓடையில், வெள்ளைக்காரத் துரைமார் ஒரு காலத்தில் கப்பலில் முட்டையாகக் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்களின் வம்சம் இருக்கிறது. விருந்தாளிகள் அதைப் புழு குத்திப் பிடிக்க வருவதில்லை. இறகையும் முடியையும் முள்ளில் வைத்துச் சுற்றி ஈ மாதிரி செய்து, அதை நீண்ட கயிற்றின் நுனியில் முடிந்து, தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, நிஜ ஈ வந்து இறங்குவதுபோல் தண்ணீர்மேல் மெல்ல இறக்குவார்கள். மீன் ஏமாந்து மேலே வந்து கவ்வ வேண்டும். கவ்விய மீனை ஈரக்கையால் தொட்டு, படம் எடுத்து, திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுவார்கள். அந்த ஈக்கள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. டொலர் இல்லாமல் நாடு நின்ற வருடத்தில் பெட்ரோலும் காஸும் வராததுபோல ஈயும் வரவில்லை. வருடம் முடிகிறபோது பெட்டியில் மிஞ்சியது ஒரே ஓர் ஈ, அதற்கும் ஒரு பக்கத்து இறக்கை இல்லை.

பங்களா மேனேஜர் மதுரன் கொழும்பிலிருந்து வந்தவர், கோபப்படத் தெரியாத மனிதர். இந்தத் தோட்டத்தில் ஆக வேகமான விரல் யாருடையது என்று அவர் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் விசாரித்தார். கண்டாக்கையா யோசிக்காமல் பிரியந்தியின் பெயரைச் சொன்னார். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மேனேஜர் முன்னால் நின்றபோதும் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளிகளை ஓடைக்கு அழைத்துப் போகும் மிலான் அந்த ஒற்றை ஈயை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைப் பழைய பத்திரிகைத் தாளில் கிடத்தி, ஊசி முனையால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, பிரித்த வரிசையிலேயே அடுக்கி வைத்தாள். பிறகு கடைசியில் இருந்ததை முதலாக வைத்துக் கட்டிக்கொண்டே வந்தாள். தலை முடிச்சு அவிழாமலிருக்க ஒரு சொட்டு நிறமில்லாத கியூடெக்ஸ் நகப்பூச்சு வைத்தாள். பின்னேரம் தேத்தண்ணீர் நேரத்துக்கு மேசையில் இரண்டு ஈக்கள் இருந்தன. எது வெளிநாட்டு ஈ என்று மிலானால் சொல்ல முடியவில்லை.

கண்ணாடி பதித்த முன்வராந்தாவில் அவளுக்கு ஒரு மேசை போட்டார்கள். முள்ளைப் பிடித்துக்கொள்ள மேசை விளிம்பில் ஒரு சின்ன இடுக்கி. பங்களாவில் வேலைக்காரர் உட்காரும் வழக்கம் இல்லை. ஆனால் நின்றுகொண்டு ஈ கட்ட முடியாது என்பதால் ஒரு பிரம்பு நாற்காலியும் போட்டார்கள். அவள் குடும்பத்தில் ஐந்து தலைமுறைப் பெண்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவில் நின்றபடியே வேலை செய்தவர்கள். உட்கார்ந்து வேலை செய்தவள் ஒருத்திகூட இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு நாக்காலி குடுத்திருக்காங்க" என்பதுதான். அவளுடைய அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினார்.

"சாஞ்சுக்கலாமா?"

"சாஞ்சுக்கலாம்மா."

அம்மா மறுபடியும் அடுப்பை ஊதினார். ஆனால் அந்த நாற்காலிக்கு மேனேஜர் ஒரு கெடு வைத்திருந்தார். சித்திரைப் பௌர்ணமியில் வரும் வெசாக் பண்டிகைக்கு முன் ஒரு ட்ரவுட் இவள் ஈயில் மாட்ட வேண்டும், அதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மாட்டாவிட்டால் மேசையும் நாற்காலியும் ஸ்டோருக்குப் போகும், இவள் திரும்பக் கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேண்டும்.

தவறு நடந்தது பெட்டியில் முதல் ஈயைப் போட்டபோது. புதிதாக ஒரு மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது, முதல் பிடியைக் கூடையில் போடுகிறவள் "பொலி, பொலி" என்று சொல்வாள், மற்றப் பெண்கள் பின்பாட்டாக அதையே திருப்பிச் சொல்வார்கள். ஒரு தடவை சொன்னால் போதும், அந்த மலை முழுவதும் கொழுந்து பொலிந்து பெருகும் என்பது நம்பிக்கை. பதினாறு வயதிலிருந்து கொழுந்தெடுத்த பிரியந்தியின் வாய், முதல் ஈ பெட்டிக்குள் விழுந்தபோது தன்பாட்டுக்கு அதைச் சொல்லிவிட்டது. உதட்டுக்கு வெளியே வராத அளவு மெதுவாகத்தான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் கட்டி முடித்து நூலை நறுக்கிய ஒவ்வொரு ஈயும் இடுக்கியிலிருந்து எழும்பிப் பறந்தது. முதல் வாரம் பதினொன்று, இரண்டாம் வாரம் நாற்பது. பிறகு அவள் கட்டாதவையும் பறந்தன. எல்லாம் அதே மஞ்சள் நூல், அதே பதினான்காம் நம்பர் முள். லயத்துப் பிள்ளைகள் தலைமுடியில் ஈ மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். வேன் சாரதி முன்கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கண்டாக்கையா, ஃபெக்டரியில் தேயிலையோடு முள் கிடந்ததாகப் புகார் வந்திருக்கிறது, கொழுந்தோடு ஈயையும் சேர்த்துக் கிள்ளுகிறவர்கள் தனியாகப் பிரித்துப் போட வேண்டும் என்று அறிவித்தார். இறகுக்காகக் கழுத்து மொட்டையாகிப்போன தன் சேவலைக் காட்டி, "இதுக்கு ஒரு மப்ளர் கட்டிவுட்டாத்தான் குளிரு தாங்கும்" என்று காளியாயி குறைபட்டாள்.

மிலானுக்குத்தான் ஆக அதிகச் சிரமம். அவன் பறக்கிற ஈயைத் தொப்பியால் பிடித்து, கயிற்றின் நுனியில் முடிந்து, ஓடைக்கு மேலே வீசினான். ஈ இறங்கவில்லை. மேலே போனது. கயிறும் சேர்ந்து மேலே போனது. விருந்தாளி பட்டம் விடுகிறவரைப்போல அண்ணாந்துகொண்டு நின்றார். சற்று நேரத்தில் ஈ முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஏழாம் நம்பர் தேயிலை மலைப் பக்கம் போய்விட்டது. "தங்கச்சி, ஒன் ஈயெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மீன விட அதுக்குத்தான் தூண்டி போடணும் போல" என்றான் மிலான். பிரியந்தி சிரிக்கவில்லை. சித்திரை பிறந்துவிட்டது. ஓடையில் ட்ரவுட் மீன்கள், எட்டாத உயரத்தில் பறக்கும் ஈக்களைப் பார்த்தபடி மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன.

சித்திரை மூன்றாம் வாரத்தில் பெரிய பனிமூட்டம் இறங்கியது. மலைநாட்டு மூட்டம் எவ்வளவு அடர்த்தியானது என்று தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததில் ஆச்சரியம் இருக்காது. மீன்கள் ஓடையை விட்டு மேலே ஏறின. முதலில் கரையோரத்து மூட்டத்தில் வாலை ஆட்டிப் பார்த்தன, பிறகு பங்களா மதிலைத் தாண்டின, பிறகு கூட்டமாக ஏழாம் நம்பர் மலைக்கு நீந்திப்போய், தேயிலைச் செடிகளின்மேல் மொய்த்திருந்த ஈக்களைக் கவ்வத் தொடங்கின. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களின் காதோரமாகப் புள்ளி போட்ட வயிறுகள் வழுக்கிக்கொண்டு போயின. ஒரு மீன் காளியாயி இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை முகர்ந்துவிட்டுத் திரும்பியது.

"நாளு பூராவும் இங்க நிக்கிறோம், மீனாவது வந்து எட்டிப் பாக்குது. கண்டாக்கு அதுக்குங்கூட வாறதில்ல" என்றாள் அவள்.

அவளுக்குப் பின்னால் நின்ற கண்டாக்கையா இருமினார்.

மலை முழுவதும் சிரிப்பு. பெண்கள் மீன்களை விலக்கி விலக்கிக் கொழுந்து கிள்ளினார்கள். அன்றைய நிறுவையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை.

மிலான் பங்களாவுக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னபோது மேனேஜர் கோபப்படவில்லை. "மீன் மலையில நீந்துறது மீனோட இஷ்டம். நான் சொன்னது என்ன? ஈ இவ கட்டினதா இருக்கணும், நூல் மனுசர் கையில இருக்கணும், நான் பாக்கணும். நாளன்னைக்கு வெசாக். நாளைக்கு வந்து பாக்கிறன்" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அன்று பின்னேரம் பிரியந்தி ஏழாம் நம்பர் மலைக்குப் போனாள். ஈக்கள் கூட்டம் கூட்டமாக எழும்பி உட்கார்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழக்க தோசத்தில் அவள் கை ஒரு கொழுந்தைக் கிள்ளியது. கிள்ளிய கொழுந்து கைக்கு வந்தது, பக்கத்துக் கொழுந்து செடியிலேயே நின்றது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இறங்கிப் பங்களாவுக்கு ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் லயத்து நாய்கள் குரைத்தன.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் வராந்தாவுக்கு வந்து, வேறு ஆசனம் இல்லாததால், அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையை ஸ்டோருக்குத் தூக்கப் பங்களா வேலைக்காரர் அழகுமுத்து வந்து ஒரு முனையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜரின் தேத்தண்ணீர்க் கோப்பை மேசைமேல் ஆவி விட்டது. பிரியந்தி நின்றபடியே கட்டினாள். முயல் முடியை நூலில் முறுக்கினாள், சேவல் இறகைச் சுற்றினாள், தலையில் முடிச்சுப் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்து, மடித்து, பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நூலை நறுக்கவில்லை, கிள்ளாத கொழுந்துபோல ஈ நூற்கட்டையோடேயே இருந்தது. ஈ இறக்கையை அடித்துப் பார்த்தது, எழும்பியது, ஒரு முழம் போய் நின்றது. மிலான் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். மூட்டம் உள்ளே வந்து முழங்கால்வரை நிறைந்து, மேசை மட்டத்துக்கு ஏறி, கூரையைத் தொட்டது. நூற்கட்டை உருண்டது. ஈ ஜன்னலைத் தாண்டி வெளியே போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்கள் முன் வாசிக்க வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தை விட்ட பிரியந்தி, மூச்சை இழுத்து, எதிர்மலைக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"பொலி."

மூட்டத்துக்குள்ளிருந்து காளியாயியின் குரல், "பொலி, பொலி" என்றது. பிறகு ஏழாம் நம்பர் மலை முழுவதும் அதையே திருப்பிச் சொன்னது.

நூல் விறைத்தது. பிரியந்தி அதைக் கொழுந்து கிள்ளுகிற இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தாள். அறுந்துவிடாமல் விட்டுக்கொடுத்தாள், இழுத்தாள், மறுபடி விட்டுக்கொடுத்தாள். நூற்கட்டை மேசையிலிருந்து விழுந்து அழகுமுத்துவின் காலைச் சுற்றி ஓடியது, அவர் மேசையை விடவும் தெரியாமல், பிடிக்கவும் தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். "விட்றாத தங்கச்சி, தலைய இந்தப் பக்கம் திருப்பு, திருப்பு" என்று மிலான் குதித்தான். கால் மணி நேரத்துக்குப் பிறகு, ஒன்றரை முழ நீள ட்ரவுட் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வாயோரத்தில் மஞ்சள் நூல். அது வராந்தாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேனேஜரின் தேத்தண்ணீர்க் கோப்பைக்கு நேர் மேலே நின்று, செவுளைத் திறந்து மூடியது. கோப்பைக்குள் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

மிலான் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றினான். மீன் போக அவசரப்படவில்லை. கூரை விளக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடியும் கோப்பைக்கு மேலேயே நின்றது. அழகுமுத்து தான் பிடித்திருந்த முனையை மெதுவாகக் கீழே இறக்கினார், மேசையின் நாலு காலும் தரையைத் தொட்டன.

மேனேஜர் மதுரன் எழுந்தார். கைக்குட்டையை எடுத்து நாற்காலியின் இருக்கையைத் துடைத்தார். அதைத் தூக்கி மேசைக்கு முன்னால், திறந்த ஜன்னலைப் பார்க்கும்படி சரியாகப் போட்டார். பிறகு தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, மீனில் இடித்துக்கொள்ளாமல் தலையைக் குனிந்து வெளியே போனார்.