மாற்று உறுப்பினர்

உறுதிமொழியை வாசித்துவிட்டு எவுப்ராசியா உட்கார்ந்தபோது நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. துராங்கோ மாநிலச் சட்டமன்றத்தில் அது கிரிசாந்தோ உர்கிதியின் இடம். வாக்குச்சீட்டில் அவர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில், அவர் இல்லாமல் போனால் அந்த இடத்துக்கு வரவேண்டிய மாற்று உறுப்பினர் என்று அவள் பெயரும் இருந்தது. அதை யாரும் படித்திருக்கமாட்டார்கள். அவளே மறந்துவிட்டு மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரிசாந்தோ மலைப்பள்ளி ஆசிரியராக இருந்து, சங்கத் தலைவராகி, மேயராகி, இரண்டு முறை சட்டமன்றத்துக்கு வந்தவர். போகிற ஊரிலெல்லாம் எதையாவது செய்துதருவதாகச் சொல்லிவிடுவார், பாதியைச் செய்தும்விடுவார். காட்டு மரங்களைத் திருடி விற்கும் கும்பலைப் பற்றி ஒருநாள் அவையில் பெயர் சொல்லிப் பேசினார். அடுத்த வாரம் அவருடைய வண்டி மலைப்பாதையில் கதவு திறந்தபடி நின்றது. அவரைக் காணவில்லை.

"எடம் கெடச்சிருக்கு, உக்காந்துக்கோங்க," என்றார் கட்சித் தலைவர். "பழசக் கிளறாதீங்க."

அவள் கிளறவில்லை. கோடையில், கட்சி கொடுத்த வண்டியில், கட்சி கொடுத்த ஓட்டுநரோடு லா ஹோயா என்ற மலைக்கிராமத்துக்குப் போனாள். அங்கே கிணறு வெட்டித் தருவதாகக் கிரிசாந்தோ சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்கடை நடத்தும் தார்சிலா காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க வருவீங்கன்னு கிரிசாந்தோ ஐயா சொன்னாரு. வியாழக்கிழமை வந்திருந்தாரு."

"எந்த வியாழக்கிழமை?"

"இப்பப் போன வியாழந்தான். ஆளே உருகிப்போயிட்டாரு. பீன்ஸும் ரொட்டியும் வச்சேன், தொடல. தண்ணி மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"அவரு காணாமப் போயி மூணு மாசமாச்சும்மா."

"தெரியும். அதான் யாருகிட்டயும் மூச்சு விடல."

தார்சிலாவின் கணவன் குமெர்சிந்தோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "கெணறு வெட்ட எடம் காட்டிட்டுப் போனாரு. மேட்டுல. அங்க எப்பிடிங்க தண்ணி வரும்னேன். 'எவுப்ராசியா வந்து தோண்டட்டும்'னாரு."

மேட்டில் வெட்டுப்பட்ட பைன் மரங்களின் அடிக்கட்டைகள். நடுவே ஒரு இடத்தில் மட்டும் மண் இளகிக் கிடந்தது. பறவைச் சத்தமே இல்லை. அங்கிருந்து எடுக்க வேண்டியது தண்ணீர் இல்லை என்று எவுப்ராசியாவுக்குப் புரிந்தது. கீழே வண்டியருகே நின்ற ஓட்டுநர் அவளையே பார்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசாமல் இறங்கிப் போய்விட்டால் பதவி இருக்கும், கடை இருக்கும், உயிரும் இருக்கும்.

"பாத்தாச்சுல்ல மேடம், கெளம்பலாமா?" என்று கீழிருந்து குரல் கொடுத்தான் ஓட்டுநர்.

"நீ போ. நான் வரல."

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதும், தார்சிலாவின் கடைத் தொலைபேசியிலிருந்து கிரிசாந்தோவின் மனைவி ஒப்துலியாவை அழைத்தாள்.

மறுநாள் காலை ஒப்துலியா வந்தாள். காணாமல் போன தங்கள் பிள்ளைகளையும் புருஷன்மார்களையும் தேடி அலையும் பெண்கள் நாலைந்து பேர் கூட வந்தார்கள். ஆளுக்கொரு இரும்புக் கம்பி. எல்லாம் கேட்டு முடித்த ஒப்துலியா தார்சிலாவைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் வரல?"

தார்சிலா தயங்கினாள். "வீட்டுக்கு வழி தெரியலன்னாரு."

ஒப்துலியா தன் கம்பியை எடுத்துக்கொண்டாள். மேட்டில் ஏறி, இளகிய மண்ணில் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கினாள். அடியில் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பெண்கள் வாடையிலேயே அறிவார்கள். கம்பியை உருவி நுனியை மூக்கருகே கொண்டுபோனாள். கண்கள் தாமாக மூடின. மலைப்பாதையில் ஏதோ வண்டிகள் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒப்துலியா மண் ஒட்டிய கம்பியை எவுப்ராசியாவிடம் நீட்டினாள். அவள் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள்.