முள் படுத்த இடம்

வானொலி நிலையத்தில் அவளுக்கு ராக் அக்கா என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளுடையது. ராக் பாட்டு, படித்த புத்தகம், பார்த்த படம் எல்லாவற்றையும் கலந்து, வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். இசைத்தட்டு போய் கேசட் வந்தது. கேசட் போய் கணினி வந்தது. நாற்காலியும் அவளும்தான் மாறவில்லை.

கொஞ்ச நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்த சங்கதி வேறு. காது போய்க்கொண்டிருந்தது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் நன்றாகவே காதில் விழுந்தன. உச்சியில் மெல்லிசாக ஓடுகிற சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"சின்ன வயசுல கச்சேரிக்குப் போனா ஸ்பீக்கர் பக்கத்துலயே நிப்பீங்களோ?" என்று காது டாக்டர் கேட்டார்.

"பக்கத்துல இல்ல டாக்டர், அது மேலயே சாஞ்சிட்டு நிப்பேன்."

டாக்டர் சிரிக்கவில்லை.

வெளியே மூச்சு விடவில்லை அவள். காது கேட்காதவள் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறாள் என்று தெரிந்தால் அன்றோடு சரி. வசனம் அடியில் எழுத்தாக ஓடுகிற படங்களையே தேடிப் பார்த்தாள். அவற்றின் ஒளிப்பதிவைப் பற்றியே பேசினாள். புத்தகத்துக்குக் காது வேண்டாம் என்பதால் நிகழ்ச்சியில் புத்தகம் வீங்கிக்கொண்டே வந்தது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். ஒருநாள் மகள் துணி மடித்தபடியே கேட்டாள்: "ஏம்மா, இப்பல்லாம் பாட்டோட வரலாறுதான் சொல்ற. கேக்க எப்படி இருக்குன்னு சொல்றதே இல்லியே?" அவளுக்குச் சுருக்கென்றது.

ஒலிப்பதிவு அறையில் அவளுடைய ஊன்றுகோல் ஒரு முள். சத்தத்தின் அளவைக் காட்டும் சின்னப் பெட்டியில் அது ஆடும்வரை பாட்டு ஓடுகிறது, படுத்துவிட்டால் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளரும் அந்த முள்ளை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார் என்பதால் அவருக்கே மீட்டர் என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் உள்ளே வந்தபோது, பாட்டு இன்னும் எத்தனை நிமிஷம் என்று காட்டும் கணினித் திரை மேசையில் இல்லை. புதிதாக வந்த மேலாளர் அதை மீட்டர் பக்கம் மாற்றியிருந்தார்.

"நீங்க பேசுறத மட்டும் பாருங்க மேடம். இன்னிக்கு முழுசா உக்காந்து கேக்கப்போறேன். இந்த நேரத்தை ஆள் இல்லாம தானா ஓடுற பாட்டுக்குக் குடுத்துடலாமான்னு ஒரு யோசனை இருக்கு."

அவள் முள்ளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

முதல் பாட்டு அவளுடைய பழைய தோழன். பத்து நிமிஷம் ஓடும். நடுவில் டிரம்ஸ் புயல் மாதிரி அடித்து ஓய்ந்ததும், ஒற்றைக் கிட்டார் கம்பி மட்டும் நூல் மாதிரி இழையும். அந்த இடத்தில் இருமக்கூடக் கூடாது என்று நேயர்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவள் அவளேதான்.

பாட்டு ஓடும்போது, அடுத்துப் பேசவேண்டிய நாவலைப் புரட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மீட்டருக்குப் பக்கத்தில், மேலாளரின் முகம் தெரிந்தது. படித்த வரியையே திரும்பப் படித்தாள். பாட்டு எங்கே போயிற்று என்ற கணக்கு தப்பிவிட்டது. நிமிர்ந்தபோது முள் படுத்திருந்தது, அறை முழுக்க மௌனம். வானொலிக்காரர்களுக்கு மௌனத்தைவிடப் பெரிய பயம் கிடையாது. பதறிப்போய் மைக்கைத் திறந்தாள்.

"அருமையான பாட்டு, இல்லியா? இப்ப நான் படிச்ச ஒரு நாவலைப் பத்தி..."

மீட்டரின் வாய் பிளந்து நின்றது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது. முள் முழுசாகப் படுக்கவில்லை, அடியில் துடித்துக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடவும் டிரம்ஸ் திரும்பி வந்து இடித்தது. காது மடல்கள் சுட்டன.

அடுத்த பாட்டு ஓடும்போது மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று எழுந்து நின்றாள்.

"பிரமாதம் மேடம்! இழுவையான இடத்துல சட்டுனு புகுந்து பேசினீங்க பாருங்க, அதான் இப்ப வேணும். யாருக்குப் பொறுமை இருக்கு? இதே மாதிரி பண்ணுங்க, நிகழ்ச்சிய நான் பாத்துக்கிறேன்."

சிரித்துவிட்டுப் போனார். அவளுக்குச் சிரிக்க வரவில்லை. நிகழ்ச்சி தப்பித்தது. இனி ஒவ்வொரு வாரமும் அந்தக் கிட்டார் இழையை அறுத்துக்கொண்டே இருந்தால் போதும். காதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுகிற உள்தொடர்பு பொத்தானை அழுத்தினாள். "மீட்டரு, முதல் பாட்ட மறுபடி போடணும்."

"அக்கா, அவர் இங்கதான் நிக்கிறார்."

"நிக்கட்டும். எனக்கு அந்தக் கம்பி கேக்கலப்பா. ரொம்ப நாளாவே கேக்கல. அது முடிஞ்சதும் நீ விரலத் தூக்கு, அப்பதான் மைக்கத் தொடுவேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. மீட்டர் சரியென்று தலையை ஆட்டினார்.

மைக்கைத் திறந்து நேயர்களிடம் சொன்னாள்: "கொஞ்சம் முன்னாடி நான் பேசக் கூடாத இடத்துல பேசிட்டேன். இந்தத் தடவ நீங்க கேளுங்க."

பாட்டு வந்தது. டிரம்ஸ் அடித்து ஓய்ந்தது. முள் படுத்தது. மேலாளர் மணிக்கட்டைத் தட்டி என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே அதுவும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மீட்டரின் விரலையே பார்த்தபடி இருந்தாள்.

விரல் இன்னும் எழவில்லை. மீட்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.