தனத்தின் வீட்டில் ஆணி அடிக்கலாம்

அடி அண்ணாமலையில் தனம் குடியிருக்கும் வீட்டில் சாமான் ஏற ஏற எடை குறையும். ஒரு சோற்றுப் பானை வாங்கினால் ஒரு பானை அளவுக்குக் குறையும், ஒரு குத்துவிளக்கு வாங்கினால் ஒரு குத்துவிளக்கு அளவுக்கு. விருந்தாளி வந்து உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. கார்த்திகை வந்தால் பூ விலை ஏறும், மார்கழி வந்தால் இறங்கும்; அந்த மாதிரி அந்த வீட்டுக்கு அது ஒரு வழக்கம். வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்பதற்காகத்தான் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

தனத்தின் புருஷன் ராமதாஸுக்குத் திருவண்ணாமலை டவுனில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. தனம் ஜாக்கெட் தைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் டவுனில் வாடகைக்குக் குடியிருந்து, எல்லாத் தெருவிலும் ஒவ்வொரு வீட்டைக் காலி செய்திருந்தார்கள். ஹவுஸ் ஓனர்கள் பலவிதம். ஒருவர் கவிச்சி சமைக்கக் கூடாது என்பார், ஒருவர் மோட்டார் போட விடமாட்டார், ஒருவருக்கு மிஷின் சத்தம் ஆகாது. ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதில் மட்டும் ஊரில் இருக்கிற அத்தனை ஹவுஸ் ஓனருக்கும் ஒரே மதம். அதனால் அவர்களுடைய கல்யாண போட்டோ எந்தச் சுவரிலும் ஏறாமல், அரிசி டிரம் மேல் சாய்ந்தபடியே வருஷங்களைத் தள்ளியது. சாய்ந்தே இருந்ததில் போட்டோவிலிருந்த ராமதாஸுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சுளுக்கிக்கொண்டது. முதலில் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்; அதற்குச் சாட்சி உண்டு.

கடைசியாக இருந்தது சகாதேவன் வீடு. சகாதேவன் கெட்டவர் இல்லை, சுவரின் மேல் பிரியம் உள்ளவர். மாசம் ஒருமுறை வந்து உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாடகையைக் கேட்பார். ஒரு வருஷம் தீபத்துக்கு வரும் ஜனங்களுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஐப்பசியிலேயே வந்து காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கேரவன் வந்து சேர்ந்தது. கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் பஸ் இல்லை. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்து வருகிற, இரண்டே சக்கரம் வைத்த தகரப் பெட்டி. நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். ஹாலந்து தேசத்துக்காரர் ஒருவர் அதை அங்கிருந்து இழுத்து வந்து, ஆசிரமத்துப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திக் குடியிருந்தார். மலையைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பாரமில்லாமல் வாழ வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. மெத்தையைக் கொடுத்தார், அடுப்பைக் கொடுத்தார், புத்தகங்களைக் கொடுத்தார். கடைசி ஸ்பூனையும் தானம் செய்த அன்றைக்கு வண்டியின் அச்சு முறிந்தது. காலி வண்டிக்கு அச்சு எப்படி முறியும் என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ராமதாஸ் போய் ஒரு பழைய டிராக்டர் அச்சை வைத்துப் பற்ற வைத்தான். ஹாலந்துக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நீயே வைத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்து, ஒரு துண்டோடு நடந்து போய்விட்டார்.

நிறுத்த இடம்? சகாதேவனே கொடுத்தார். கிரிவலப் பாதையோரம் அடி அண்ணாமலையில் அவருக்குக் காலி மனை ஒன்று இருந்தது. யாரும் குடிசை போட்டுவிடாமல் காவல் இருந்த மாதிரியும் ஆச்சு என்று கணக்குப் போட்டார். “தரையில ஒரு முளை கூட அடிக்கக் கூடாது, ராமதாசு” என்று மட்டும் சொன்னார்.

டிராக்டர் இழுக்க, பத்துப் பேர் பின்னாலிருந்து தள்ள, நாக்குத் தள்ளித்தான் வந்து சேர்ந்தது வண்டி. தனம் உள்ளே ஏறினாள். பால் காய்ச்ச வேண்டிய அடுப்பை ஒதுக்கி வைத்துவிட்டு முதல் காரியமாகச் சுத்தியலைக் கேட்டாள்.

“இது தகரம், தனம். அந்தாண்ட வந்துடும்” என்றான் ராமதாஸ்.

“வரட்டுமே. அந்தாண்டயும் நம்ம வூடுதான?”

அடித்தாள். முனை வெளியே எட்டிப் பார்த்தது. வண்டி ஒருமுறை பெருமூச்சு விட்டது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று ராமதாஸ் குனிந்து பார்த்தான். டயர் முன்பைவிட உப்பலாக இருந்தது. போட்டோவை மாட்டிய பிறகுதான் பால் காய்ச்சினார்கள். பொங்கலுக்குள் போட்டோவில் இருந்தவனுக்குச் சுளுக்கு விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் கை ஓயவில்லை. நிலை இல்லாத வாசல் என்ன வாசல் என்று வேம்பில் நிலைப்படி வைத்து மஞ்சள் பூசினாள். மடக்கினால் மேஜை, விரித்தால் கட்டில் என்று ஒரு பலகை இருந்தது. அதில் படுத்தால் கால் மலையைப் பார்த்து நீளும். வேறு யாராக இருந்தாலும் கட்டிலைத் திருப்புவார்கள். கட்டில் திரும்ப இடமில்லை என்பதால் தனம் வீட்டைத் திருப்பச் சொன்னாள். தெரு ஆண்கள் ஆறு பேர் சேர்ந்து திருப்பிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுப்புக்கு எதிரேயே ஒரு கக்கூஸ் பெட்டி இருந்தது. சோறு வடிக்கிற இடத்தில் இது என்ன அநியாயம் என்று அவள் கத்தியதால், ராமதாஸ் அதைப் பெயர்த்தெடுத்து, தனியாகச் சக்கரம் வைத்து, பின்னால் கொக்கி போட்டு மாட்டினான். இன்றைக்கும் வீடு போகிற பக்கமெல்லாம் அது கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே போகும். ஜன்னலுக்குக் கிரில், கூரை மேல் தண்ணீர் டிரம், தையல் மிஷினுக்குச் சுவரோடு மடங்கும் மேடை. ஆணிகளோ, கணக்கில்லை. முறத்துக்கு ஒன்று, சல்லடைக்கு ஒன்று, எதற்கும் இல்லாமல் சும்மா ஆசைக்கு ஒரு வரிசை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளை ராமதாஸ் குறடால் வளைத்துக் கொக்கியாக்கினான். பௌர்ணமிக்குச் சுற்ற வந்த ஜனங்கள் அதில் பையை மாட்டிவிட்டு உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் கேட்டுக்கொண்டு மாட்டவில்லை, தனமும் தடுக்கவில்லை.

ஆறு ஆண்கள் திருப்பிய வீட்டை ஒரு வருஷம் போனதும் தனம் ஒற்றை ஆளாக இடுப்பால் இடித்து நகர்த்த ஆரம்பித்தாள். காலையில் பெருக்கும்போது வீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அடியில் பெருக்கிக் கோலம் போட்டு, மறுபடி இழுத்து நிறுத்துவாள். வெயில் திரும்பினால் மர நிழலுக்குக் கொண்டுபோவாள். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கும் சரோஜாவுக்கு அது தினப்படி வேடிக்கை.

“இன்னாக்கா, வூட்ட எங்க கூட்டினு போற?”

“மேய்ச்சலுக்கு!”

பட்டறைக்காரனான ராமதாஸுக்கு இது மனசில் உறுத்தியது. டயரில் காற்று ஜாஸ்தி என்று இறக்கிப் பார்த்தான். பேரிங்குக்குக் கிரீஸ் ஜாஸ்தி என்று துடைத்துப் பார்த்தான். பிறகு சம்பளத்தில் ஒரு மிக்ஸி வாங்கி வந்து வைத்தான். வீடு இன்னும் லேசானது. அதோடு அதைப்பற்றி யோசிப்பதை விட்டுவிட்டான்.

இப்படியே இருந்திருக்கும். சகாதேவனுக்கு அந்த மனையில் லாட்ஜ் கட்ட யோசனை வந்தது. தீபத்துக்கு முன் ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் பூமி பூஜை. அன்றைக்குள் வண்டியை எடுக்காவிட்டால் காயலாங்கடைக்குப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனுஷன். சரோஜாதான், “எங்க புளியமரத்தாண்ட கொண்டாந்து உடுக்கா, அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கினு இருக்கே” என்றாள். ரோட்டைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் ராமதாஸ் தப்பு செய்தான். தொழில் தெரிந்தவன் யாரும் செய்கிற தப்பு. ரோடு மேடு, வண்டி பழசு, பாரத்தைக் கம்மி பண்ணித்தான் நகர்த்த வேண்டும் என்று, பூஜைக்கு முந்தின நாள் வீட்டைக் காலி பண்ண ஆரம்பித்தான். மிஷின் இறங்கியது, டிரம் இறங்கியது, பாத்திரம் இறங்கியது. ஒவ்வொன்று இறங்கும்போதும் சக்கரம் ஒரு விரற்கடை மண்ணில் இறங்கியது. ஆணிகளும் கனம்தானே என்று குறடு போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கடைசியாகப் போட்டோ. அது இறங்கியதும் வண்டி பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வந்து இழுத்தது. டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றதே தவிர வண்டி அசையவில்லை. வடம் அறுந்தது. விடிந்ததும் சகாதேவன் ஜேசிபியைக் கூட்டி வந்தார். அது கையை நீட்டித் தள்ளி, எங்கேயோ குழாய் வெடித்து, எண்ணெய் கக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது. ஐயர் பூஜைச் சாமான்களை வைத்துக்கொண்டு, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைவுபடுத்தினார்.

காயலாங்கடை அப்பாசாமி ஒருவருக்குத்தான் சந்தோஷம். எடைக்கு வாங்குகிற மனுஷன். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “தங்கமாட்டம் கனக்குது சார். இங்கியே வெட்டி எடுத்துக்கிறேன்” என்று கேஸ் சிலிண்டரை இறக்கச் சொன்னார்.

தனம் ரோட்டோரத்தில் அரிசி டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போட்டோ மறுபடி டிரம் மேல் சாய்ந்திருந்தது. அதற்குள்ளேயே புருஷனின் கழுத்து லேசாகச் சாயத் தொடங்கியதை அவள் பார்த்தாள். எழுந்தாள். அப்பாசாமியின் ஆள் நெருப்புப் பற்ற வைக்கிற நேரம், சுத்தியலோடு உள்ளே ஏறிப் பழைய ஓட்டையிலேயே ஆணியை வைத்து அடித்தாள்.

“ஏ தனம்! நகர மாட்டேன்னு கெடக்குது, இதுல நீ வேற ஏத்துறியா?” என்று ராமதாஸ் தலையில் கை வைத்தான்.

“இத்தினி வருஷமா கூடவே இருந்து இது கூடவா தெரில ஒனக்கு? அந்த மிஷினத் தூக்கிக் குடு.”

பிழைக்கிற வழி வேறு எதுவும் இல்லாததால் தூக்கிக் கொடுத்தான். சக்கரம் ஒரு விரற்கடை மேலே வந்தது. அதைப் பார்த்த பிறகு அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஏறியும் கொஞ்சம் போதவில்லை. பிடுங்கிய ஓட்டைகளில் சில தளர்ந்து ஆணி பிடிக்கவில்லை. சரோஜா தன் கடை பாய்லரைக் கொண்டுவந்து ஏற்றினாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஆட்டுக்கல்லைக் கொடுத்தார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் காலம் காலமாக டிரம் மேல் சாய்த்து வைத்திருந்ததையெல்லாம், காலண்டர், கண்ணாடி, செத்துப்போன அப்பா, எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து ஆளுக்கு ஓர் ஆணி அடித்துக்கொண்டார்கள். ஒரு வாடகைக்காரரின் ஆயுளில் அதெல்லாம் ஒருமுறை வருகிற சந்தர்ப்பம். தேர் கட்டும்போது தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது என்று ரோட்டில் போனவர்கள் சொல்கிறார்கள். கடைசியில் சரோஜாவும் உள்ளே ஏறிப் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தனம் இறங்கி வந்து, கொக்கியில் முந்தானையைக் கட்டி, கோயில் ஆட்டை நடத்துகிற மாதிரி வீட்டை நடத்திக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். கக்கூஸ் பின்னாலேயே போனது.

அப்பாசாமி கூடவே போய் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். வீடு மரத்தடி வரைக்கும் உருண்டது. “காத்த வாங்கினு போய் நான் இன்னா பண்றது?” என்று சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பூஜை நல்ல நேரத்துக்குள் முடிந்தது.

லாட்ஜ் நன்றாகவே எழும்பியது. மூன்று மாடி, ஏசி ரூம், ஒவ்வொரு ரூமிலும் ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்று பித்தளைப் பலகை. அந்தப் பலகையையே பசை போட்டுத்தான் ஒட்டியிருந்தார்கள். ஆரம்பத்தில் வாசலுக்கு நாலு படி ஏறிப் போக வேண்டும். அடுத்த கார்த்திகைக்கு மூன்று படி ஆனது. அப்புறம் இரண்டு. இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும். மண் அப்படி என்று இன்ஜினியர் சொல்கிறார்.

சகாதேவனின் சம்சாரம் சந்திரம்மாள் போன வருஷம் காலமானாள். பெரிய போட்டோவாகச் செய்து சந்தன மாலை போட்டார். ஆனால் தன் சட்டத்தைத் தானே மீறுகிற மனுஷன் இல்லை. ரிசப்ஷன் மேஜை மேல் சாய்த்து வைத்தார். கொஞ்ச நாளில் அந்த அம்மாளின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உயிரோடு இருந்தவரை அவளுக்குக் கழுத்து வலி உண்டு. அதைச் சகாதேவன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலையில் போட்டோவை வேட்டியில் சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். தனம் மிஷினில் இருந்தாள். அவர் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, வழக்கம்போல உள்ளங்கையால் வீட்டுச் சுவரைத் தடவினார். தடவின இடமெல்லாம் ஆணி.

“தனம், ஒரே ஒரு ஆணி அடிச்சிக்கட்டுமாம்மா?”

தனம் எழுந்து சுத்தியலை எடுத்து நீட்டினாள். “எங்க வேணா அடிங்கண்ணா. நடுவுல கூட எடம் இருக்குது.”

அவர் அடித்த ஆணி கோணலாக இறங்கியது. ஆயுசில் அடித்துப் பழக்கமில்லாதவர். கட்டைவிரலிலும் ஒன்று போட்டுக்கொண்டார். சந்திரம்மாளை மாட்டினார்கள். தினமும் காலையில் வந்து கற்பூரம் காட்டிவிட்டு, சரோஜா கடையிலிருந்து வரும் டீயைக் குடித்துவிட்டுப் போகிறார். சந்திரம்மாளுக்குக் கழுத்து நேராகிவிட்டது.

அந்த ஓர் ஆணியில்தான் வீடு தரையை விட்டது. ஒரு சாண் உயரம், அதற்கு மேல் இல்லை. காற்றுக் காலத்தில் மட்டும் மாட்டுக் கயிற்றால் புளியமரத்தோடு கட்டிவைக்கிறார்கள். ராமதாஸ் வாசலில் ஒரு படி கூட்டிப் போட்டிருக்கிறான். தனத்துக்கு ஒரு வேலை மிச்சம்: பெருக்குவதற்கு வீட்டைத் தள்ள வேண்டியதில்லை, துடைப்பத்தை அடியில் விட்டுப் பெருக்கிவிடுகிறாள்.