ஒன்றாம் எண் பிரதி

அச்சான ஐந்நூறு பிரதிகளில் எதையாவது ஒருவர் கடைசி வரிவரை படித்து முடித்துவிட்டால், அந்தப் பிரதி அன்றைக்கே அவர் வீட்டைவிட்டுக் கிளம்பி, எழுதியவரின் கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குத் திரும்பி வந்துவிட்டது. நடந்து வந்ததா, பறந்து வந்ததா என்று பார்த்தவர் எவரும் இல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும், அவ்வளவுதான். வந்த புதிதில் இரண்டு மணி நேரம், ஆள் அப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைப் போல இளஞ்சூடாக இருக்கும்.

எழுதியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறை என்று ஒன்று இருக்கும். லிஃப்ட் பெட்டியையும் அதற்குச் சமமான எடைக்கட்டையையும் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் தொங்கவிட்டு, நடுவே ஒரு சக்கரத்தைச் சுழற்றுவார்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வேலை இல்லாத நேரங்களில் ஆறு வருடம் எழுதினார். பெற்றோர் இல்லாத வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியை ஆளாக்கிய ஓர் அக்காவின் கதை அது. அவருடைய சொந்த அக்காவின் கதைதான். நேரில் சொல்ல நா எழாத ஒரு நன்றியை அந்தக் கதையின் தம்பி கடைசிப் பக்கத்தில்தான் சொல்கிறான். அந்தப் பக்கத்துக்காகத்தான் முந்தைய முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும்.

ஏழு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். நான்கு பதில் போடவில்லை, இரண்டு வருந்தின, ஒன்று வேறு யாருடைய கையெழுத்துப் பிரதியையோ இவருக்குத் திருப்பி அனுப்பியது. தானே அச்சிட்டுக்கொள்வதென்று முடிவுசெய்து, பில் புத்தகம் மட்டுமே அடித்துக்கொண்டிருந்த ஓர் அச்சகத்தில் கொடுத்தார். அங்கேதான் அந்தத் தவறு நடந்தது. பில் புத்தகத்துக்கு எண் போடும் கருவியில் சின்னச் சின்ன எண்சக்கரங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு முறை தாளில் குத்தும்போதும் கடைசிச் சக்கரம் ஒரு பல் நகர்ந்து அடுத்த எண்ணைக் காட்டும். அச்சகக்காரர் கைப்பழக்கத்தில் நாவலின் ஒவ்வொரு பிரதியிலும் கடைசித் தாளின் பின்புறம் ஒன்றிலிருந்து ஐந்நூறுவரை குத்திவைத்துவிட்டார். "நம்பர் இல்லாம என் மெஷினைத் தாண்டி ஒரு புக்கும் வெளிய போனதில்ல சார்" என்றார் பெருமையாக. பில் புத்தகத்தின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கடைசித் தாள் தீர்ந்ததும் அது கொடுத்த இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். எண் குத்தப்பட்ட புத்தகங்கள் வேறு எந்தச் சட்டத்தையும் அறிந்திருக்கவில்லை.

முதல் பிரதியை அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா ஓர் ஆயத்த ஆடை ஆலையில் தையல் சரிபார்ப்பவர். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் எங்கே ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னைப் பத்தியா எழுதியிருக்கே? வேற ஆளே கிடைக்கலியாடா உனக்கு?" என்று கேட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். இரண்டாம் எண் மனைவிக்கு. அது நான்காம் நாளே பெட்டியில் இருந்தது. படித்துவிட்டு உள்ளே வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தார். எண்பத்தெட்டாம் எண் வேற்றூரிலிருந்து திரும்பி வந்து, மூன்று நாள் கழித்து அதன் வாசகரிடமிருந்து கடிதம் வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. நாவலில் உள்ள பதினேழு பிழைகளைப் பக்க எண்ணோடு பட்டியலிட்டு, இத்தனை மோசமான புத்தகம் எங்கேயோ தொலைந்தும்போனது என்று அவர் எழுதியிருந்தார். லிஃப்ட்காரர் நல்ல மனதோடு அதைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினார். அஞ்சலகத்திலிருந்து அவர் வீடு வந்து சேர்வதற்குள் பார்சல் கயிறும் ஒட்டிய தபால்தலையுமாகப் பெட்டிக்குள் கிடந்தது.

அதன்பின் அவருக்குப் பாராட்டைக் கேட்பது கஷ்டமாகிவிட்டது. ஒரே மூச்சில் படித்தேன் என்று கையைப் பிடித்துக் குலுக்கிய பள்ளித் தலைமையாசிரியரின் பிரதி திரும்பவில்லை. பத்திரிகையில் அரைப் பக்கம் புகழ்ந்த விமர்சகரின் பிரதி திரும்பவில்லை. புத்தகக் கடைக்காரர் மேசைவிசிறியின் கீழ் முட்டுக்கொடுத்திருந்த மூன்று பிரதிகளும் அசையவில்லை. மாறாக, யாரென்றே தெரியாதவர்களின் பிரதிகள் வந்தன. ஒன்றில் உப்புக்காற்று வாசனை. ஒன்றில் மருத்துவமனைச் சீட்டு அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. ஒன்றில் நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும் குழம்புக்கறை, பசித்த நேரத்திலும் கீழே வைக்க மனமில்லாத ஒருவர். லிஃப்ட்காரர் ஒவ்வொன்றையும் சூடு ஆறும்வரை மடியில் வைத்திருந்து, நோட்டில் எண்ணைக் குறித்துக்கொள்வார். எண்பத்தெட்டாம் எண்காரருக்கு வருடாவருடம் வாழ்த்து அட்டையும் அனுப்பினார். "திட்டினவருக்கு வாழ்த்து, புகழ்ந்தவருக்கு முறைப்பா? உங்க நியாயமே தனிங்க" என்றார் மனைவி.

பதினொரு ஆண்டுகளில் நானூற்று எழுபது பிரதிகள் விற்றோ இனாமாகவோ போயின. அறுபத்து மூன்று திரும்பின. ஒன்றாம் எண் வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கண் குளிர்சாதனப் பெட்டியின் மேலே போகும். அங்கே அது இருக்காது. கேட்டால், "படிச்சிட்டுத்தான்டா இருக்கேன்" என்பார். பதினொரு வருடமாக ஒரே பதில். இதற்கிடையில் இரண்டாவது நாவல் எழுதி முடித்து மோட்டார் அறை அலமாரியில் இருந்தது. யாருக்காக எழுதினாரோ அவரே படிக்காத நிலையில் இன்னொன்று எதற்கு என்று தோன்றியது. இரண்டாவதை அச்சுக்குக் கொடுப்பதில்லை, இனி எழுதுவதும் இல்லை என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அன்று தேநீரில் சர்க்கரை போடவில்லை.

அந்த மாதத்தில் அக்கா வீடு மாறினார். கட்டில், பீரோ என்று தூக்கிக்கொண்டிருந்தபோது, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. அட்டை போய், வேறு அட்டை ஒட்டி, அதுவும் போய், சட்டைத்துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. பக்கங்களின் ஓரம் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. கடைசித் தாளின் பின்புறம் ஒன்று என்ற எண். ஆனால் அந்தத் தாளைத் திருப்ப முடியவில்லை. அதற்கு முந்தைய தாளோடு சேர்த்து, மூன்று பக்கமும் வெள்ளை நூலால் நெருக்கமாக, ஒரு தையல்கூட விட்டுப்போகாமல் தைத்திருந்தது.

"என்னக்கா இது?"

"தொடாதே, கொடு இப்படி." அக்கா வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். "மாடி வீட்டு டீச்சர் உன் புக்கைப் படிச்சு முடிச்சாங்க, காணோம். எங்க ஆலை சூப்பர்வைசர் முடிச்சாரு, அதுவும் போச்சு. முடிச்சா போயிடுதுடா. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீ படிக்கவே இல்லேன்னு நினைச்சேன்."

"படிக்கலியா? பதினாலு தடவை படிச்சிருக்கேன். பக்கம் சொல்லு, ஒப்பிக்கிறேன். கடைசித் தாள் மட்டும்தான் பாக்கி. அதையும் படிச்சிட்டு, வெறுங்கையோட உக்காந்திருக்கச் சொல்றியா?"

லிஃப்ட்காரர் பீரோவில் சாய்ந்து நின்றார். "அக்கா, நான் உனக்குச் சொல்ல வேண்டியதே அந்தத் தாள்லதான் இருக்கு."

அக்கா உறையின் சுருக்கத்தை நீவிவிட்டார். "முந்நூறு பக்கம் படிச்சவளுக்கு அது தெரியாதாடா, மக்கு? நீ அதை எங்கிட்ட சொல்ல வந்துட்டுத் தொண்டையைக் கனைச்சிட்டுப் போறதை இருபது வருஷமா பாக்குறேன். கட்டிலைப் பிடி. மழை வரப்போகுது."

அவர் கட்டிலைப் பிடித்தார். படிக்கட்டின் இரண்டாவது திருப்பத்தில், கட்டில் இருவருக்கும் நடுவில் இருந்ததால் முகம் பார்க்கவேண்டிய அவசியம் இல்லாததைப் பயன்படுத்திக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் இருந்ததைத் தன் சொந்த வாயால் சொன்னார். அச்சில் ஒரு பக்கம் வந்தது, வாயில் நான்கே சொற்களாக வந்தது. "சரி சரி, இடிச்சிக்கப் போறே, குனி" என்றது கட்டிலின் மறுபக்கம். ஒன்றாம் எண் பிரதி அக்காவின் பையிலேயே இருந்தது, எங்கும் போகவில்லை.

அடுத்த சில வாரங்களில் லிஃப்ட்காரர் நோட்டை எடுத்துக்கொண்டு, பிரதி திரும்பாத நாலைந்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் கடைசித் தாளைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார். ஒரு நர்ஸ் அதில் மூன்று குண்டூசிகள் குத்தியிருந்தார். ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர், கடைசி வரிக்கு முந்தைய வரியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் கட்டுப்பாடு தனக்கு உண்டு என்றார். திரும்பாத பிரதிகளில் எத்தனை படிக்கப்படாதவை, எத்தனை பிரிய மனமில்லாதவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தலைமையாசிரியரைத் தெருவில் கண்டபோது லிஃப்ட்காரரே முதலில் வணக்கம் சொன்னார். விமர்சகருக்கு ஒரு வாழ்த்து அட்டை போனது. விசிறிக்கடியில் இருந்த மூன்றைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இரண்டாவது நாவல் அதே அச்சகத்துக்குப் போனது. எண் குத்தலாமா என்று அச்சகக்காரர் தயங்கிக் கேட்டார். கட்டாயம் குத்தச் சொன்னார். கூடவே ஒரு ஏற்பாடும் செய்தார். பெரிய தாளில் பதினாறு பக்கம் அடித்து மடித்தால், ஓரங்கள் சில மூடியே இருக்கும். வெட்டும் இயந்திரம்தான் அவற்றைத் திறந்துவிடும். கடைசி மடிப்பை மட்டும் வெட்டாமல் விடச் சொன்னார். முடிக்க நினைப்பவர் ஒரு கத்தியால் திறந்துகொள்ளலாம், வைத்துக்கொள்ள நினைப்பவர் அப்படியே விடலாம். ஒன்றாம் எண் அக்காவுக்குப் போனது.

அது மூன்றாம் நாள் காலை புது நாவலின் பெட்டியில் இருந்தது, மடிப்பு நேர்கோட்டில் வெட்டப்பட்டு. மதியம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "முடிச்சிட்டேன்டா. சுமார்தான். நடுவுல ரெண்டு இடத்துல தையல் விட்டிருக்கு. அடுத்ததை ஒழுங்கா எழுது." லிஃப்ட்காரர் எந்த இரண்டு இடம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மனைவி கட்டிலுக்கடியில் குனிந்து, இருந்த இரண்டு பெட்டிகளையும் சுவரோரம் தள்ளி, மூன்றாவதற்கு இடம் செய்தார்.